ஊர்வல வேகத்தில் ஓடிய வெள்ளைக் கார்

நான் முதலில் பார்த்தது ஒரு ஜிகினாத் துண்டை, தம்பி. நகக்கண் அளவுகூட இருக்காது. தங்க நிறம். பின் சீட்டில் உட்காருகிறவர்களுக்குக் குளிர்காற்று வர நடுவில் ஒரு சல்லடை வைத்திருக்கிறார்களே, அதன் இடுக்கில் சிக்கிக்கொண்டு காற்று வரும்போதெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உன் அப்பா முதலில் பார்த்தது கிலோமீட்டர் காட்டும் மீட்டரை. கூட வந்த மெக்கானிக் இசக்கி முதலில் பார்த்தது டயரை. அவர்கள் இருவரும் பார்த்ததைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். நான் பார்த்ததை நான் சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருந்தால், ஆறுமுகநேரி முழுக்க உன் அப்பாவுக்கு இன்னொரு முறை கல்யாணம் ஆன கதை நடந்திருக்காது.

நீ கப்பலில் இருந்து அனுப்பிய விளம்பரத்தை உன் அப்பா ஊருக்கெல்லாம் காட்டாத குறைதான். வெளிநாட்டுக் கம்பெனியின் நீளமான வெள்ளைக் கார், வயது பன்னிரண்டு, ஓடியது இருபதாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை, ஒரே முதலாளி. போய்ப் பாருங்கள், பிடித்தால் முன்பணம் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். கடலிலேயே கிடந்து சேர்த்ததை அப்படியே இந்தக் காரில் போடப் போகிறேன், ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்குச் சொந்தக் காரில் போய் இறங்கப் போகிறேன், தெருவே பார்க்க வேண்டும், அதுவரை பெண் வீட்டுக்கு மூச்சு விடக் கூடாது என்றும் எழுதியிருந்தாய். கார் இருப்பது ஆறுமுகநேரியில். பெண் வீடு இருப்பதும் ஆறுமுகநேரியில். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கப்பலில் இருக்கும் உனக்குத் தோன்றாமல் போனது சரி. பஸ்ஸில் அரை நாளில் போய் வருகிற எங்களுக்கும் தோன்றவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நடுக்கடலில் உனக்கு லைன் கிடைக்காது என்பது ஒரு காரணம். போனில் மூன்றாவது வாக்கியத்துக்கு மேல் எனக்கு நாக்கு வறண்டுவிடும் என்பது இன்னொன்று. நீ நான் பெற்ற பிள்ளைதான், உன்னிடமே அப்படி. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டேன் என்று உனக்குத் தெரியும். வீட்டில் கஷ்டம் என்று நீ நினைத்திருப்பாய். கஷ்டம் ஒன்றும் இல்லை. பெயர் கூப்பிடும்போது எழுந்து பதில் சொல்ல வெட்கம். வாயைத் திறக்காததால் வாத்தியார் நான் வரவில்லை என்றே குறித்துக்கொண்டிருந்தார். வருடக் கடைசியில் வராத பிள்ளைக்குப் பரீட்சை கிடையாது என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். அதற்கும் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதினாறு வயதில் சித்தி வீட்டுக்குத் தனியாகப் பஸ்ஸில் போனேன். பழையகாயலில் இறங்க வேண்டும். அத்தனை ஆண்கள் நடுவே கண்டக்டரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுத் திருச்செந்தூர் வரைக்கும் போய், முருகனைக் கும்பிட்டுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினேன். திரும்பும்போதும் பழையகாயலில் வாய் வரவில்லை. தூத்துக்குடியில்தான் இறங்கினேன். இந்த அம்மாவைத்தான் நீ கார் பார்க்க அனுப்பினாய்.

உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தில் லாரிகளை எடை போடும் மேடையில் முப்பது வருடம் உட்கார்ந்தவர். லாரி டிரைவர் பொய் சொல்வான், கம்பெனிக்காரன் பொய் சொல்வான், முள் பொய் சொல்லாது என்பது அவருடைய வேதம். அதனால் காரின் கதவைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டு மீட்டரைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

காரின் சொந்தக்காரர் உப்பும் கருப்பட்டியும் மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி. நல்ல மனிதர். போனதும் நாற்காலி போட்டு, ஆளுக்கு ஒரு கலர் பாட்டில் உடைத்துக் கொடுத்தார். மகளின் கல்யாணத்துக்காக வாங்கிய கார், மகள் வெளியூர் போய்விட்டாள், தனக்கு மொபெட்டே போதும் என்றார். ஆடி மாதம்தானே, வண்டி சும்மா வீட்டில்தான் நிற்கிறது என்றும் சொன்னார். அந்த ஆடி என்கிற சொல்லைக் கேட்டும் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் பொறி தட்டவில்லை.

இசக்கி டயரைத் தடவினான். "அண்ணாச்சி, இது வாங்கும்போது போட்ட டயரா?"

"பொறவு? மாத்துததுக்கு வேலையே வரலியே. பட்டன் பாத்தீங்களா, தேயாம அப்பிடியே இருக்கு."

"பட்டன் இருக்கு. ரப்பருதான் எங்க பாட்டி குதிகால் மாதிரி வெடிச்சிருக்கு."

உன் அப்பா அவனை முறைத்தார். வெடிப்பு டயருக்குத்தானே, மீட்டருக்கு இல்லையே.

இசக்கி கீழே படுத்தான், எழுந்தான், டார்ச் அடித்தான். மீட்டரில் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்தான். பிரேக் கட்டைகள்கூடக் கம்பெனியில் போட்டவையே, தேயவில்லை என்றான். ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. ஆக்சிலேட்டர் மிதியின் ரப்பர் புத்தம் புதிதாக இருந்தது. பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, வழிபாட்டில் முத்தமிட்டுத் தேய்ந்த சிலைப் பாதம் போல இருந்தது. "டிரைவர் பயந்த ஆளு போல" என்று அவனே அதற்கு ஒரு காரணமும் சொல்லிக்கொண்டான்.

அதன் பிறகு அண்ணாச்சி பில்களைக் கொண்டுவந்தார். ஒன்று விடாமல் கோத்து வைத்திருந்தார். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, தம்பி. எல்லாம் எங்கள் கண்முன்தான் இருந்தன. ரேடியேட்டரைக் குளிர்விக்கும் ஃபேன் மோட்டார் மூன்று முறை புதிது. தண்ணீர் பம்ப் புதிது. ஏசி கம்ப்ரசர் புதிது. பேட்டரி தீபாவளிக்குச் சட்டை எடுப்பதுபோல் வருடாவருடம் புதிது.

"பாத்தியாளா, ஆளு வண்டிய எப்பிடிப் பாத்திருக்காருன்னு!" என்று என்னிடம் பூரித்தார் உன் அப்பா.

இசக்கி, "வெளியாளுக்கு ஓட்டக் குடுத்ததுண்டா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டான்.

"சே. சொந்தக்காரங்க கேட்டா மட்டுந்தான்."

எத்தனை சொந்தக்காரர்கள் என்று அவன் கேட்கவில்லை. நான் கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி.

நீ ஒரு முறை கப்பலில் இருந்து வந்து, சோற்றைப் பிசைந்தபடி எனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கப்பல் எஞ்சின் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை அம்மா, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்றுதான் பார்ப்போம், நங்கூரம் போட்டு நிற்கும்போதும் ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்றாய். அவ்வளவு பெரிய எஞ்சினைக் கட்டி மேய்க்கிற நீ, காருக்கு வந்ததும் கிலோமீட்டரைக் கேட்டுவிட்டுத் திருப்தியாகிவிட்டாய். பழைய காரின் பில்லைப் பார்க்கும்போது என்ன மாற்றியிருக்கிறார்கள் என்பதோடு, என்ன மாற்றவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார். டயரும் பிரேக்கும் தேயாத வண்டிக்கு ஃபேனும் பம்பும் மட்டும் ஏன் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டும்? நகராமல் மூச்சு வாங்கியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதை நான் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு என் கையில் கலர் பாட்டில், கண்ணில் அந்த ஜிகினா, அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். அண்ணாச்சி வீட்டிலேயே இருந்துகொண்டார். அவருடைய டிரைவர் சண்முகம் ஓட்ட, இசக்கி முன்னால், நானும் உன் அப்பாவும் பின்னால். சீட் நம் வீட்டு மெத்தையைவிட மெத்தென்று இருந்தது. உன் அப்பா சாய்ந்த சாய்ப்பைப் பார்த்தால் துறைமுகத்தையே விலைக்கு வாங்க வந்தவர் மாதிரி இருந்தது. வண்டி கிளம்பியது. கிளம்பியது என்றா சொன்னேன், நகர்ந்தது. ஒரு ஆட்டுக்குட்டி எங்களை முந்திக்கொண்டு போனது.

"கொஞ்சம் அழுத்துங்களேன்" என்றார் உன் அப்பா.

"அழுத்தலாம் அண்ணாச்சி. ரோடு சரியில்ல."

ரோடு புதிதாகப் போட்டது. நம் வீட்டு அடுப்பங்கரைத் தரையைவிட வழுவழுப்பாக இருந்தது. சண்முகம் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, கல்யாணப் பந்தலில் நிற்கிறவர் போல் சிரித்த முகமாக, பிரேக்கில் கால் வைத்தபடியே ஓட்டினார். யாரும் சொல்லாமல் இடது பக்கம் திருப்பினார். பிறகு வலது பக்கம். வண்டிக்குப் பின்னால் நாலு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். வண்டி போன வேகத்தில் அவர்கள் பேசியது முழுக்க எங்கள் காதில் விழுந்தது.

"ஏலே, மாப்பிள்ளை யாருல?"

"ஆடியில என்னவே மாப்பிள்ளை?"

"பின்னால பாருவே. பெரியவர் ஒருத்தர் இருக்காரு."

"பொண்ணு பக்கத்துலயே இருக்கு. அப்போ அறுபதாங் கல்யாணம். அதுக்கு ஆடி ஆவணி கெடையாது, நட்சத்திரந்தான்."

"அதான பாத்தேன். ஆனா மேளத்தக் காணும்?"

"பிள்ளைங்க கஞ்சப்பயலுவளா இருப்பானுவ."

அந்தப் பிள்ளை நீதான், தம்பி. நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடினேன். அதைப் பார்த்து, "பொண்ணுக்கு இன்னும் வெக்கம் போகல பாரு" என்று ஒரு குரல். உன் அப்பாவோ ஒன்றும் புரியாமல், மரியாதையான ஊர் என்று அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்களும் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

அப்படியே போய் ஒரு பிள்ளையார் கோவில் முன்னால் சண்முகம் வண்டியை நிறுத்தினார். முன்னால் ஏதோ காற்றாடி விமானம் போல இரைய ஆரம்பித்தது. சல்லடையில் இருந்து வந்த குளிர்காற்று வெந்நீர் ஆவி மாதிரி ஆனது.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றான் இசக்கி.

"இங்கன வெடி போடணும்லா" என்று சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இசக்கி அவரை மெல்லத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே. எத்தன மாப்பிள்ளைய ஏத்தியிருக்கீய?"

சண்முகம் கொஞ்ச நேரம் பிள்ளையாரையே பார்த்தார். பிறகு, பொய் சொல்ல அந்த இடம் தோதில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கொட்டிவிட்டார். "கணக்கா வச்சிருக்கேன்? கோவில்ல ஏத்தி மண்டபத்துல எறக்குததுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். ஏசிய நிறுத்துனா மாப்பிள்ளை மேக்கப் வழிஞ்சிரும். ஓடுனாத்தான எஞ்சினுக்குக் காத்து? மேளக்காரன் பின்னால போனா எங்க ஓடுதது? இந்தக் கோவில் பக்கம் வந்தா சூடு காட்டுத முள்ளு ஏறிரும். அதான் இங்கன நிறுத்தி வெடி போடச் சொல்லிருவோம். ஒரு சரம் வெடிச்சு முடிக்கதுக்குள்ள ஆறிரும். ரெண்டு சரம் போட்டா இன்னும் நல்லது."

"சொந்தக்காரங்களுக்கு மட்டும்னாரே அண்ணாச்சி?"

"ஊருக்குள்ள அண்ணாச்சிக்கு யாரு சொந்தமில்ல?"

அந்த ஜிகினா ஏதோ ஒரு மாப்பிள்ளை மாலையில் இருந்து உதிர்ந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. அன்றைக்கு வெடி இல்லை. அதனால் ஆறவும் இல்லை. பானெட் இடுக்கில் இருந்து வெள்ளையாகப் புகை வந்தது. உன் அப்பா தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு முள்ளை நம்பாமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பார்த்தவர் அப்படியே சரிந்து, பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டார். "ஏளா, சம்பந்தி வீடுளா" என்றார் கீழே இருந்து.

ஆமாம். பிள்ளையார் கோவிலுக்கு எதிர் வீடு. பச்சை கேட். நிச்சயதார்த்தத்துக்கு நாம் வேனில் வந்து இறங்கிய அதே கேட். உன் கவிதாவின் அப்பா பனியனோடு வாசலுக்கு வந்து, புகையை விலக்கிக்கொண்டு காருக்குள் குனிந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"சம்பந்தி! என்ன இது, கீழ உக்காந்திருக்கீங்க?"

"செருப்பு... வார் அந்துட்டு" என்றார் உன் அப்பா.

"சரி, இந்த வண்டியில நீங்க எங்க?"

"சும்மா. காத்தாட."

தூத்துக்குடிக் கடற்கரையை விட்டுவிட்டு, காற்றாட ஆறுமுகநேரிக்கு, கண்ணாடி ஏற்றிய காரில். கவிதாவின் அப்பா நல்லவர். சிரிப்பை மென்று விழுங்குவதற்குள் அவருக்கே ஒரு பதில் கிடைத்துவிட்டது. "அட! மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி பேச வந்தீங்களாக்கும்! சொல்லக் கூடாதா? எம் மூத்த மருமவன் இதுலதான் வந்தாரு. தம்பி மருமவனும் இதுலதான். ரெண்டு பேருக்கும் இதே இடத்துலதான் நின்னுச்சு. இதுல வந்தாத்தான் எங்க தெருவுக்கு அவன் மாப்பிள்ளைன்னே ஒத்துக்கிடுவாங்க!"

"ஆமா, ஆமா" என்றார் உன் அப்பா, கிணற்றில் விழுந்தவர் கயிற்றைப் பிடிப்பது போல.

அதற்குள் கவிதா ஒரு வாளித் தண்ணீரோடு வந்துவிட்டாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. எங்கே ஊற்றுவது, எப்போது ஊற்றுவது என்று சண்முகத்துக்கே அவள்தான் சொன்னாள். "மூடியை இப்ப தொறக்காதீங்கண்ணே, போன தடவ கையைப் பொசுக்கிக்கிட்டீங்கள்லா." பிறகு என் பக்கம் வந்து, "அத்தை, இது ஆறக் கால் மணி நேரம் ஆகும். எப்பவும் ஆகும். உள்ள வாங்க, மோர் குடிங்க" என்றாள். அவள் உதடு துடித்ததை நான் பார்த்தேன். சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் வாளிக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டோம். இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீ அசத்த நினைத்த காரின் வயிற்றுவலி வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. இனிமேல் அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், முதலில் அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடு. உன் அப்பா என்னிடம் கேட்காமல் வாங்கியவற்றை அடுக்கினால் இந்தத் தாள் போதாது. நான் கேட்கப்படாததாலேயே சொல்லாமல் இருந்தவற்றுக்கும் போதாது. நம் வீட்டில் இரண்டு பக்கமும் அப்படியே பழகிப்போனது. உங்கள் வீட்டில் வேண்டாம்.

மோர் குடித்து, வண்டி ஆறி, அதே வேகத்தில் அண்ணாச்சி வீட்டுக்குத் திரும்பினோம். அங்கே அவர் குளித்து, திருநீறு பூசி, வெற்றிலைத் தட்டில் சாவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். முன்பணம் வாங்கிக்கொள்ளத் தயாராக. எனக்கும் உன் அப்பாவுக்கும் இன்னொரு கலர் பாட்டில் உடைத்தார்.

இங்கேதான் சிக்கல். பழுதான வண்டி என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் மனம் இல்லை. அவர் மீட்டரைத் திருத்தவில்லை, பில்லை மறைக்கவில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நாளைக்குப் பெண் எடுக்கப் போகும் ஊர். உன் அப்பா இசக்கியைப் பார்த்தார். இசக்கி கூரையைப் பார்த்தான். "நல்ல வண்டிதான்..." என்று இழுத்தான். "மீட்டரும் சுத்தந்தான்..." என்று இழுத்தார் உன் அப்பா. அவருடைய கை சட்டைப் பைக்குப் போவதைப் பார்த்தேன். உள்ளே உன் உழைப்பு இருந்தது. வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒரு காரையே வாங்கிவிடுவார் போலிருந்தது. பழையகாயல் ஞாபகம் வந்தது. அங்கேயாவது ஒரு டிக்கெட்டோடு போயிற்று. சம்பந்தி வீட்டில் வேறு, வண்டி பேச வந்தோம் என்று சொல்லி மோர் குடித்துவிட்டு வந்திருக்கிறோம்.

கலர் பாட்டிலைக் கீழே வைத்தேன். எழுந்து நின்றேன். மூன்று ஆண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணாச்சி," என்று நான் கேட்டேன், "ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டி சும்மா இருக்குமா?"